மாதாமாதமா, மொத்தமாகவா, வீடா? தங்கையின் விவாகரத்தில் நாங்கள் போட்ட கணக்கு

தங்கையின் விவாகரத்துப் பேச்சு எழுந்ததும் வீட்டுக்கு வந்தவர்கள் எல்லோரும் கேட்டது ஒன்றுதான்: "எவ்வளவு தருவான்?" சித்தப்பா கேட்டார், பெரியம்மா கேட்டார், நானும் அதையேதான் கேட்டேன். திருச்சியில் ஒரு மொத்த வியாபாரக் கடையில் இருபது வருடமாகக் கணக்கு எழுதுகிறேன், எனக்காவது புத்தி வந்திருக்க வேண்டும். பாக்கி எவ்வளவு என்பது கணக்கில் பாதிதான். அது எப்போது வரும், எந்த ரூபத்தில் வரும், வராமல் போனால் யார் தலையில் விழும் என்பது மறுபாதி.

தங்கைக்கு அப்போது 36 வயது. தனியார் பள்ளி ஆசிரியை, கைக்கு வரும் சம்பளம் 38,000. ஒரு பெண் குழந்தை, ஒன்பது வயது. மாப்பிள்ளை சென்னையில் வேலை, மாதம் லட்சத்துக்குப் பக்கம் வாங்குகிறார். 2014-ல் கல்யாணம். 2017-ல் ஸ்ரீரங்கத்தில் இருவர் பெயரிலும் 40 லட்சத்துக்கு ஒரு ஃபிளாட் வாங்கினார்கள். இன்று 60 லட்சம் போகும், கடன் பாக்கி 18 லட்சம். ஒன்றரை வருடம் பிரிந்திருந்த பிறகு, சண்டை போட்டது போதும் என்று இரண்டு பேருமே மியூச்சுவலுக்கு, அதாவது இருவரும் சம்மதித்துக் கேட்கும் விவாகரத்துக்கு, வந்தார்கள். இங்கே சொல்வதெல்லாம் 1955-ம் வருட இந்து திருமணச் சட்டப்படி நடந்தது. கிறிஸ்தவர்களுக்கும் முஸ்லிம்களுக்கும் சட்டம் வேறு. வங்கி, பதிவு அலுவலகம் தொடர்பான சங்கதிகள் பெரும்பாலும் எல்லோருக்கும் ஒன்றுதான்.

அவர்கள் பக்கத்து வக்கீல் ஒரு தாளில் மூன்று வழி எழுதி அனுப்பினார். ஒன்று, ஃபிளாட்டை விற்றுப் பாதிப் பாதி, மேற்கொண்டு மாதம் 20,000 ஜீவனாம்சம், இரண்டு வருடத்துக்கு ஒருமுறை 5 சதவீதம் உயர்வு. இரண்டு, ஃபிளாட்டை விற்றுப் பாதிப் பாதி, மேற்கொண்டு ஒரே தடவையாக 22 லட்சம். மூன்று, ஃபிளாட்டில் தன் பாதியை அவர் தங்கைக்கு எழுதிக் கொடுத்துவிடுவார், மீதிக் கடனைத் தங்கை கட்டிக்கொள்ள வேண்டும், கூடவே 3 லட்சம் ரொக்கம்.

கோர்ட்டில் போட்டி போடும் நான்காவது வழியும் இருந்தது. அதைச் சீக்கிரமே மூடி வைத்தோம். கோவா போன்ற ஓரிரு இடங்களைத் தவிர, நம் நாட்டில் கணவன் மனைவி சொத்தை விவாகரத்தின்போது ஆளுக்குப் பாதியாகப் பிரிக்கச் சொல்லும் சட்டம் இல்லை. பத்திரத்தில் யார் பெயரோ அவர்களுடையது. வீட்டைப் பார்த்துக்கொண்ட மனைவிக்கும் அதில் பங்கு உண்டு என்று 2023 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி கிருஷ்ணன் ராமசாமி தீர்ப்புச் சொன்னார். நல்ல தீர்ப்பு. அதை நம்பிப் பத்து வருடம் வழக்காட எங்களுக்குத் தெம்பில்லை. தங்கை பெயர் பத்திரத்திலேயே இருந்ததால் அதற்குத் தேவையும் வரவில்லை.

பேரம் பேசுவதற்கு முன் எடுத்த பட்டியல்

எந்த வழி நல்லது என்று பார்க்கும் முன்னால் அவளுக்கு மாதம் என்ன செலவாகிறது என்றே எங்களுக்குத் தெரியவில்லை. 2020 நவம்பரில் ரஜ்னேஷ் எதிர் நேஹா வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒரு நல்ல காரியம் செய்தது. ஜீவனாம்ச வழக்குகளில் இரு தரப்பும் சொத்து, கடன், வருமானம், செலவு எல்லாவற்றையும் பிரமாணப் பத்திரமாகத் தாக்கல் செய்ய வேண்டும் என்று சொல்லி, அதற்கான படிவத்தையும் தீர்ப்போடு இணைத்தது. வழக்குப் போடாவிட்டாலும் அந்தப் படிவத்தை நிரப்பிப் பார்ப்பது நல்லது. நாங்கள் திண்ணையில் உட்கார்ந்து நிரப்பினோம். பால், வேன் கட்டணம், தைராய்டு மாத்திரை, டியூஷன், கேஸ் என்று எழுதிக்கொண்டே வந்தவள், "பூ 300" என்று எழுதிவிட்டு உடனே அடித்தாள். "இதெல்லாம் கோர்ட்டுக்குத் தேவையா அண்ணா?" என்றாள். திரும்ப எழுதச் சொன்னேன். அடித்து அடித்து எழுதினால் 22,000 வரும், அடிக்காமல் எழுதினால் 31,000 வரும். வாடகையோ தவணையோ இதில் சேராது. பேரத்துக்கு இரண்டாவது எண்ணோடு போக வேண்டும்.

நகைக் கணக்கு இதைவிடப் பெரிய வேலை. கல்யாணத்தில் போட்டது 42 பவுன். பில் பாதிக்குத்தான் இருந்தது. கல்யாண ஆல்பத்தைப் பிரித்துப் பூதக்கண்ணாடி வைத்து வளையல் எண்ணினோம். அம்மா ஒவ்வொன்றையும் தொட்டு, "இது அத்தை போட்டது, இது நான் சீட்டு எடுத்து வாங்கினது" என்று சொல்லச் சொல்ல நான் எழுதினேன். அதில் 11 பவுன் ஃபிளாட்டுக்கு முன்பணம் கட்ட விற்றது. ஸ்திரீதனம், அதாவது பெண்ணுக்கென்று வந்த நகையும் சீரும், முழுக்க மனைவியின் சொத்து, கணவன் வீட்டார் கையில் இருந்தாலும் அவர்கள் அதைப் பாதுகாப்பவர்கள் மட்டுமே என்று உச்ச நீதிமன்றம் 1985-லேயே சொல்லிவிட்டது.

அவர்கள் அந்த 11 பவுனுக்கு 2014 விலையில் பணம் தருவதாகச் சொன்னார்கள். அன்று பவுன் இருபதாயிரத்துச் சொச்சம். நகையை ரூபாயில் பேசினால் நஷ்டம், எடையில் பேச வேண்டும். நாங்கள் எடையில் பேசினோம். 31 பவுன் லாக்கரிலிருந்து வந்தது. 11 பவுனைப் பிறகு செட்டில்மென்டில் கழித்துக்கொள்ளலாம் என்று தனியாகக் குறித்து வைத்தோம்.

இருபதாயிரமும் இருபத்திரண்டு லட்சமும்

முதல் வழியையும் இரண்டாவது வழியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். வங்கி வட்டி 7 சதவீதம், காலம் 15 வருடம் என்று வைத்துக்கொண்டேன். மாதம் 20,000 உயர்வே இல்லாமல் வந்தால் அதன் இன்றைய மதிப்பு, அதாவது இன்றே மொத்தமாக வாங்கினால் அதற்கு ஈடான தொகை, 22 லட்சத்து 25 ஆயிரம் வருகிறது. அவர்கள் சொன்ன 22 லட்சம் எங்கிருந்து வந்தது என்று அப்போதுதான் புரிந்தது. எதிர்த்தரப்பு வக்கீலுக்குக் கணக்குத் தெரியும். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை 5 சதவீதம் உயர்வையும் சேர்த்துப் போட்டால் 25 லட்சத்து 40 ஆயிரம் வருகிறது. அதாவது மொத்தமாக வாங்கினால் 3 லட்சத்து 40 ஆயிரம் குறைகிறது. உயர்வு எழுதிய தாளிலேயே உயர்வைக் கழித்துவிட்டு ஒரு மொத்தத் தொகை.

காகிதத்தில் மாதாமாதம்தான் லாபம். நடைமுறையில் ஆர்டர் கையில் இருப்பது வேறு, பணம் கையில் இருப்பது வேறு. கடையிலேயே பார்க்கிறேன், பில் போட்டதெல்லாம் வசூலா ஆகிறது? அவர் வேலையை விடலாம், வெளிநாடு போகலாம், இன்னொரு குடும்பம் வரலாம். சட்டமே நிலைமை மாறினால் தொகையை மாற்றிக் கேட்க இருவருக்கும் வழி கொடுக்கிறது. ஏற்றவும் கேட்கலாம், குறைக்கவும் கேட்கலாம். தங்கை மறுமணம் செய்தால் அவளுக்கான ஜீவனாம்சத்தை ரத்து செய்யவும் கேட்கலாம். பணம் நின்றுபோனால் வசூலிக்க மனுப் போட வேண்டும். குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125-ம் பிரிவில் வாங்கிய ஆர்டர் என்றால், ஒவ்வொரு மாதப் பாக்கிக்கும் அது கொடுக்க வேண்டிய நாளிலிருந்து ஒரு வருடத்துக்குள் மனுப் போட வேண்டும். இப்போது அது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 144-ம் பிரிவு. "போகட்டும், தருவார்" என்று ஒன்றரை வருடம் பொறுத்தவர்களுக்கு ஆறு மாதப் பாக்கி அந்த வழியில் போய்விடும்.

சில வீடுகளில் மாதாமாதம்தான் சரி. அவர் அரசு ஊழியர் அல்லது சொந்தப் பெயரில் மனை உள்ளவர், கையில் ரொக்கம் இல்லை என்றால் ஜீவனாம்சத்துக்கு அந்தச் சொத்தையே ஈடாகப் பிடித்து வைக்கும்படி கோர்ட்டைக் கேட்கலாம். இந்து திருமணச் சட்டத்தின் 25-ம் பிரிவே அதற்கு இடம் கொடுக்கிறது. மாப்பிள்ளை பெயரில் ஃபிளாட்டைத் தவிர எதுவும் இல்லை, அதனால் எங்களுக்கு இது பயன்படவில்லை.

தொகை எப்படி முடிவாகிறது என்பதில் ஒரு வதந்தி உண்டு. சம்பளத்தில் கால் பங்கு என்பது சட்டம் என்று எல்லோரும் சொல்வார்கள். 2017-ல் ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம் நிகரச் சம்பளத்தில் 25 சதவீதம் நியாயமாக இருக்கும் என்று சொன்னது உண்மை. அது அந்த வழக்குக்குச் சொன்னது, எல்லோருக்கும் பொருந்தும் வாய்ப்பாடு இல்லை.

வரி விஷயத்தில் மொத்தத் தொகை கொஞ்சம் முந்துகிறது. ஒரே தடவையாக வரும் ஜீவனாம்சம் மூலதன வரவு, வரி கிடையாது. மாதாமாதம் வருவது வருமானம். 1983-ல் பம்பாய் உயர் நீதிமன்றம் இப்படிப் பிரித்துச் சொன்னதைத்தான் இன்றும் பின்பற்றுகிறார்கள். கொடுப்பவருக்கு இரண்டிலும் வரிச்சலுகை இல்லை. ஆனால் வருமான வரியின் புதிய முறையில் 12 லட்சம் வருமானம் வரை வரி வராததால், தங்கையைப் போன்ற சம்பளக்காரர்களுக்கு இது முடிவை மாற்றும் விஷயமில்லை.

என் கணக்குப் புத்தகம் இரண்டாவது வழியைத்தான் காட்டியது. ஃபிளாட் பங்காகக் கடன் போக 21 லட்சம், ஜீவனாம்சம் 22 லட்சம். விற்ற லாபத்துக்கு அவள் பங்கு வரி, பணவீக்கக் குறியீட்டைச் சேர்த்து 20 சதவீத முறையில் போட்டால் ஏறக்குறைய 47,000 வரும், செஸ் தனி. குறியீடு இல்லாத 12.5 சதவீத முறையில் 1,25,000 வரும். 2024 ஜூலை 23-க்கு முன் வாங்கிய வீடு என்பதால் குறைவானதை எடுத்துக்கொள்ளலாம். தரகும் போக 42 லட்சம் கையில் நிற்கும். 7 சதவீதத்தில் போட்டால் மாதம் 24,500. ஸ்ரீரங்கத்தில் அதே மாதிரி வீட்டுக்கு வாடகை 14,000. சம்பளத்தோடு சேர்த்து வாடகை போக 48,500 மிஞ்சும். செலவோ 31,000. கணக்கு முடிந்தது என்று நோட்டை அவளிடம் நீட்டினேன்.

"முதல்ல கேட்கப் போறது யாரு?"

மூன்றாவது வழிக்கும் போட்டிருந்தேன். 18 லட்சம் கடனை அவள் பெயருக்கு மாற்றி, 8.5 சதவீதத்தில் 15 வருடம் என்றால் மாதத் தவணை 17,725. 38,000 சம்பளத்தில் மிஞ்சுவது 20,275, 3 லட்சத்துக்கு வட்டி 1,750. அவள் செலவுக்கே பத்தாது. சொத்துக் கணக்கில் பார்த்தால் கடன் போக ஃபிளாட் 42 லட்சம், ரொக்கம் 3 லட்சம், ஆக 45 லட்சம். இரண்டாவது வழியைவிட மூன்று லட்சம் கூட. ஆனால் 42 லட்சம் சுவரில் இருக்கிறது. சுவரை உடைத்துப் பள்ளிக் கட்டணம் கட்ட முடியாது.

தங்கை நோட்டை நன்றாகவே பார்த்தாள். அப்புறம் சொன்னாள்: "எங்கிட்ட 42 லட்சம் ரொக்கமா இருக்குன்னு இந்தக் குடும்பத்துல எல்லாருக்கும் தெரியும் அண்ணா. முதல்ல கேட்கப் போறது யாரு?"

நான் பதில் சொல்லவில்லை. வீட்டுக்கு மாடி எடுக்க யோசித்துக்கொண்டிருந்த சமயம் அது. அவளிடம் கேட்டிருக்க மாட்டேன் என்றுதான் இன்றும் நினைக்கிறேன். ஆனால் கொத்தனாரிடம் பேசும்போது ஒருமுறை அவள் பணம் மனசில் வந்து போனது நிஜம்.

மொத்தத் தொகையின் ஆபத்து இதுதான், எந்த வட்டிக் கணக்கிலும் இது வராது. தனியாக நிற்கும் பெண்ணின் கையில் ரொக்கம் இருந்தால் அது எல்லோருக்கும் பொதுப்பணம் மாதிரி தெரியும். மச்சானுக்குத் தொழில், தம்பிக்கு வெளிநாட்டு வேலை, மாதம் இரண்டு வட்டி தருவதாகச் சொல்லும் ஃபைனான்ஸ்காரன் என்று வரிசையாக வருவார்கள். மொத்தமாக வாங்குகிறவர்களுக்கு நான் சொல்வது, பணம் வரும் முன்பே அது எங்கே போகப் போகிறது என்று எழுதி வையுங்கள். தபால் நிலைய மாத வருமானத் திட்டத்தில் தனி ஆள் 9 லட்சம் வரை போடலாம், 7.4 சதவீதத்தில் மாதம் 5,550 வரும். வங்கி டெபாசிட்டுக்கு ஒரு வங்கியில் ஒருவருக்கு 5 லட்சம் வரைதான் காப்பீடு, ஆகவே பிரித்துப் போட வேண்டும். பூட்டி வைத்த பணத்துக்கு, "எடுத்தா வட்டி போயிரும்" என்று ஒரு சாக்காவது சொல்லலாம்.

இன்னொன்றும் சொன்னாள். மூன்று வழியிலுமே குழந்தைக்கென்று ஒரு வரி இல்லை. அதை நான் கவனிக்கவே இல்லை, நோட்டு முழுக்க வட்டி போட்டுக்கொண்டிருந்தேன். மனைவி தனக்கு வர வேண்டியதை விட்டுக்கொடுக்கலாம். குழந்தையின் பராமரிப்பு உரிமையை அம்மா எழுதிக் கொடுத்து முடித்துவிட முடியாது, அது குழந்தையுடையது. ஆகவே அதைத் தனி வரியாகவே கேட்டோம்.

கடைசியில் பேசி முடித்தது மூன்றாவது வழியின் திருத்திய வடிவம். அவர் பாதி தங்கைக்கு. ரொக்கம் 5 லட்சம். 11 பவுன் கணக்கையும் அதிலேயே நேர் செய்துகொண்டோம், அதில் எங்களுக்குத்தான் நஷ்டம், தெரிந்தேதான் விட்டோம். குழந்தைக்கு மாதம் 10,000, இரண்டு வருடத்துக்கு ஒருமுறை 5 சதவீத உயர்வு, ஒவ்வொரு மாதமும் 5-ம் தேதிக்குள் எந்த வங்கிக் கணக்குக்கு என்பது வரை மனுவிலேயே எழுதினோம். அவர் ஒத்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு. 22 லட்சத்துக்கு அவர் பெர்சனல் லோன் போட வேண்டியிருந்திருக்கும். பங்கை எழுதிக் கொடுத்தால் கைக்காசு போகாது, வீட்டுக் கடனிலிருந்தும் பெயர் நீங்கும், நாளைக்கு வேறு வீடு வாங்க வங்கிக்குப் போகலாம். எதிராளிக்கு எது சுலபம் என்று பார்த்துப் பேசினால் பேரம் சீக்கிரம் முடிகிறது.

தீர்ப்புக்கு முன்பா, பின்பா

எங்களுக்கு அதிகப் பணம் மிஞ்சியது இந்த இடத்தில்தான், வக்கீலே சொல்லாமல் பதிவு அலுவலகத்தில் பத்திரம் எழுதுபவர் சொன்னது. தமிழ்நாட்டில் குடும்ப உறுப்பினர்களுக்குள் எழுதும் விடுதலைப் பத்திரம் (கூட்டுச் சொத்தில் தன் பங்கை விட்டுக்கொடுப்பது), செட்டில்மென்ட் பத்திரம் (சொத்தை விலையில்லாமல் எழுதிக் கொடுப்பது) இவற்றுக்கு முத்திரைத் தீர்வை 1 சதவீதம், அதிகபட்சம் 40,000. பதிவுக் கட்டணம் 1 சதவீதம், அதிகபட்சம் 10,000. 2023 ஜூலையிலிருந்து இந்த உச்சவரம்பு. விற்பனைக் கிரயம் என்றால் 7 சதவீதமும் 2 சதவீதமும். கணவன் மனைவி குடும்பம். தீர்ப்பு வந்த மறுநாள் அவர்கள் குடும்பம் இல்லை. அவர் பாதியின் வழிகாட்டி மதிப்பு, அதாவது பதிவுக்கு அரசு வைத்திருக்கும் விலை, 24 லட்சம். தீர்ப்புக்கு முன் எழுதினால் 24,000-மும் 10,000-மும் சேர்த்து 34,000. பின்னால் கிரயமாக எழுதினால் 2,16,000.

அப்படியானால் முதல் நாளே எழுதிவிட வேண்டியதுதானே? அங்கேதான் சிக்கல். மியூச்சுவலில் முதல் மனுவுக்கும் இரண்டாவது விசாரணைக்கும் நடுவில் ஆறு மாதம். தீர்ப்பு வரும்வரை யாரும் சம்மதத்தை வாபஸ் வாங்கலாம் என்று 1991-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. பத்திரம் முதலிலேயே போய்விட்டால் அவருக்குப் பயம், கடைசிக்குத் தள்ளினால் எங்களுக்குப் பயம். இரண்டு பயத்தையும் சமாளிக்கத் துண்டு துண்டாகப் பிரித்தோம். முதல் மனு அன்று நகையும் 2 லட்சத்துக்கு டிடியும் கைக்கு வந்தது. இரண்டாவது விசாரணைக்கு மூன்று நாள் முன்பு விடுதலைப் பத்திரம் பதிவு. விசாரணை அன்று நீதிபதி முன்னால் மீதி 3 லட்சத்துக்கு டிடி. தங்கை போட்டிருந்த ஜீவனாம்ச மனுவை அன்றைக்குத்தான் வாபஸ் வாங்கினோம், ஒரு நாள்கூட முன்னால் இல்லை.

அந்த ஆறு மாதத்தைத் தள்ளுபடி செய்ய 2017 தீர்ப்புப்படி கேட்கலாம், நாங்கள் கேட்கவில்லை. வங்கி வேலைக்கு அது முழுக்கத் தேவைப்பட்டது. கோர்ட்டு என்ன தீர்ப்புச் சொன்னாலும் வங்கிக்கு இரண்டு பேரும் கடன்காரர்கள்தான். ஒருவரை விடுவிக்க வேண்டுமென்றால் மற்றவர் சம்பளத்தைத் தனியாக எடை போட்டு, புதுக் கடன் மாதிரி மறுபடி பார்ப்பார்கள். வங்கியின் அனுமதிக் கடிதம் வராமல் பத்திரத்தில் கையெழுத்துப் போட மாட்டேன் என்று மாப்பிள்ளை சொன்னார். அவர் இடத்தில் நானும் அதையேதான் சொல்லியிருப்பேன்.

இங்கே எங்களுக்கு ஒரு அடி விழுந்தது. பிரிந்திருந்த காலத்தில் தவணை அவர் கணக்கிலிருந்து போய்க்கொண்டிருந்தது. ஒரு சண்டைக்குப் பிறகு இரண்டு மாதம் கட்டவில்லை. தங்கைக்கு யாரும் சொல்லவில்லை. கடனை மாற்றப் போனபோது கடனை ஒழுங்காகக் கட்டுகிறாரா என்று வங்கிகள் பார்க்கும் அவள் சிபில் மதிப்பெண் 780-லிருந்து 700-க்குக் கீழே வந்திருந்தது, தவணை தவறியது அவள் இல்லை. முதல் வங்கி முடியாது என்றது. அதற்குப் பிறகு ஐந்து மாதம் முழுத் தவணையையும் அவளே கட்டினாள், ரசீதுகளை நான் வாங்கி வைத்தேன், வேறு வங்கி ஒத்துக்கொண்டது. "அவன் கட்ட வேண்டியதை நான் ஏன் கட்டணும்" என்ற கோபம் நியாயமானது. ஆனாலும் பிரிந்திருக்கும் காலத்தில் கட்டி வைத்துவிட்டு ரசீதோடு கேட்பதுதான் மலிவு. வீட்டுக் கடனின் உள்நுழைவு எண்ணையும் குறுஞ்செய்தி வரும் போன் நம்பரையும் உங்களுடையதாகவும் பதிவு செய்து வையுங்கள். கூட்டுக் கணக்கு யாராவது ஒருவர் எடுக்கலாம் என்ற வகையில் இருந்தால், இருவர் கையெழுத்தும் வேண்டும் என்று மாற்றச் சொல்லி வங்கிக்கு எழுத்தில் கொடுங்கள்.

இதைவிட மோசம் மருத்துவக் காப்பீடு. அவள் அவர் கம்பெனி குரூப் பாலிசியில் இருந்தாள். புதுப்பிக்கும்போது பெயர் எடுபட்டுவிட்டது. ஒரு வயிற்று வலிக்கு ஆஸ்பத்திரி கவுன்டரில் கார்டை நீட்டியபோதுதான் தெரிந்தது. பிறகு தனியாக எடுத்த பாலிசியில் தைராய்டுக்கு மூன்று வருடக் காத்திருப்பு. பெயர் எடுபடுவதற்கு முன்பே அதே நிறுவனத்தின் தனிநபர் பாலிசிக்கு மாறிக்கொள்ளக் கேட்டிருந்தால் பழைய வருடங்கள் கணக்கில் வந்திருக்கும். செட்டில்மென்டில் லட்சங்களைப் பேசிய நாங்கள் ஒருவரும் இதைப் பேசவில்லை.

தீர்ப்புக்குப் பின் எங்களுக்கு இருந்தது தாள் வேலை. ஆதார் முகவரி, பள்ளிப் பதிவேடு, வங்கிகள், பி.எஃப். எல்லாவற்றிலும் நாமினி அவராகவே இருந்தார். 2015 திருத்தத்துக்குப் பிறகு ஆயுள் காப்பீட்டில் கணவன், மனைவி, பெற்றோர், பிள்ளைகள் நாமினியாக இருந்தால் பணம் அவர்களுக்கே உரியது என்று ஆகிவிட்டது. பழைய பெயரை அப்படியே விட்டால் பிறகு யாரோ வழக்குப் போட வேண்டும். கணவன்மார்களுக்கும் ஒன்று: மனைவி பேரில் திருமணமான பெண்கள் சொத்துச் சட்டப்படி எடுத்த பாலிசி என்றால் பயனாளியை நினைத்தபடி மாற்ற முடியாது. பேரத்தின்போதே அதை மேசையில் வையுங்கள்.

தங்கை எல்லாப் படிவத்திலும் மகள் பெயரை எழுதிக்கொண்டே வந்தாள். பி.எஃப் முடிந்தது, வங்கி முடிந்தது. எல்.ஐ.சி படிவத்தில் ஒரு கட்டத்தில் பேனா நின்றது. நாமினி மைனர் என்றால் அவள் சார்பில் பணம் வாங்குபவர் யார் என்று கேட்டிருந்தார்கள். அம்மா இல்லாமல் போனால் சட்டப்படி இயற்கைப் பாதுகாவலர் அப்பாதான். இவ்வளவு கணக்குப் போட்டுப் பிரித்ததெல்லாம் குழந்தை வழியாக அவர் கைக்கே திரும்பப் போகும். அந்தக் கட்டத்தில் என் பெயரை எழுதினாள். எழுதிவிட்டு என்னைப் பார்த்தாள்.

"உயிலும் எழுதணும் அண்ணா. அதுல உன் பேரோட அண்ணி பேரையும் சேர்த்துப் போடறேன். ரெண்டு கையெழுத்து இருந்தாத்தான் பணம் எடுக்க முடியணும்."

கூட்டுக் கணக்குக்கு நான் சொல்லிக்கொடுத்த அதே விதிதான். சரி என்றேன்.